உறைக்குள்ளே புகும் ஈரம்

உங்கள் வீட்டில் சத்து மாத்திரைப் புட்டி ஏதேனும் இருந்தால், மேலே படிக்குமுன் அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். இப்போது வீட்டை ஒருமுறை மனத்திற்குள் சுற்றி வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அப்படி ஓர் இடம் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? துணி காயவில்லை, அப்பளம் நமுத்துப் போகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கிறது. இந்த வீட்டில்தான் அந்தப் புட்டியும் இருக்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் என் தாயார் தம்முடைய புட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பல உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் கலந்த கூட்டு மாத்திரை, ஜெலட்டின் உறைகளில் அடைத்தது. விலை அதிகம். பாதிக்கு மேல் மீதி இருந்தது. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழுக்கட்டை போலத் திரண்டிருந்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த தூள் பழுப்பு நிறக் கட்டியாக இறுகியிருந்தது. "நான்தான் மூடியைச் சரியா மூடலை போலிருக்குப்பா" என்றார் அம்மா. குற்றத்தைத் தாமே ஏற்றுக்கொண்டுவிட்டார். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. பொருள் கெட்டால் பழி வாங்கியவர்மேல் விழுகிறது. ஏனென்றால் லேபிள் முன்னதாகவே தன் பொறுப்பைக் கழித்துக்கொண்டுவிட்டது: உலர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னோமே!

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அந்த மாத்திரை அம்மாவுக்குத் தேவையா என்பது பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தகுதியில்லை. ஆனால் அந்தப் புட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்பது இயற்பியல் கேள்வி. அதற்கு விடை தேடப் போனபோது, உறை என்ற சொல்லை இந்த வாணிகம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மூடியின் குற்றத்தைக் கணக்குப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய அதிக அளவு நீராவி ஏறத்தாழ 30 கிராம். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் இருப்பது 24 கிராம். புட்டியினுள் மாத்திரைகள் போக எஞ்சிய வெற்றிடம் 100 மில்லி லிட்டர் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறி மழைக்காலக் காற்று புகுந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் ஒரு தடவைக்கு உள்ளே போகும் நீர் 2.4 மில்லி கிராம்தான். 60 நாள் திறந்து மூடினால் 145 மில்லி கிராம். மூன்று சொட்டுத் தண்ணீர்.

அடுத்தது உறையின் கணக்கு. பூச்சிய எண் அளவுள்ள கெட்டி ஜெலட்டின் உறை ஒன்றின் எடை சுமார் 100 மில்லி கிராம். ஜெலட்டின் உறை வளையவும் உடையாமலும் இருக்க வேண்டுமானால் அதற்குள்ளேயே 13 முதல் 16 சதவீதம் நீர் இருந்தாக வேண்டும். உறைக்கு 14 மில்லி கிராம் என்று வைத்தால், 60 உறைகளில் 840 மில்லி கிராம். கிட்டத்தட்ட 17 சொட்டு!

அதாவது, அம்மா இரண்டு மாதம் திறந்து மூடியதால் புகுந்திருக்கக்கூடிய ஈரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட ஈரம், தொழிற்சாலையிலிருந்தே அந்தப் புட்டிக்குள் வந்துவிட்டது. கொண்டுவந்தது வேறு யாருமல்ல, காப்பதற்கென்று போட்ட உறையேதான்.

இந்த நீர் சொட்டுச் சொட்டாக நிற்கும் நீரல்ல. ஜெலட்டின் மூலக்கூறுகளோடு பிணைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் தூள் ஈரத்தின்மேல் ஆசையில்லாத தூளாக இருந்தால் உறையின் நீர் உறையிலேயே இருக்கும். தூளுக்கு ஆசை அதிகமானால் அது உறையிடமிருந்து நீரை இழுக்கும். அப்போது தூள் கட்டிபடும். நீரை இழந்த உறையோ காய்ந்து, விரலால் அழுத்தினால் முட்டையோடு போல நொறுங்கும். எதிர்ப்புறமாக, நீர் 18 சதவீதத்துக்கு மேல் ஏறினால் உறை குழைந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு விபத்துகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள்! இதை அறிந்தே, தாவர இழையிலிருந்து ஹைட்ராக்சி புரோப்பைல் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொருளைச் செய்து அதில் உறை வார்க்கிறார்கள். அதில் நீர் 3 முதல் 7 சதவீதம்தான். ஈரத்துக்கு அஞ்சும் பொருளுக்கு அது மேல். ஆனால் கடையில் அந்த உறையைச் சைவ உறை என்று புகழ்கிறார்களேயன்றி, நீர் குறைந்த உறை என்று சொல்லி விற்று நான் பார்க்கவில்லை.

உள்ளிருந்து வரும் நீர் இது. வெளியிலிருந்து வருவதை ஜெலட்டின் தடுக்குமா? ஒரு படலத்தின் வழியே நீராவி எப்படிச் செல்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் படலத்தில் கரைகிறது. உள்ளே மெல்ல நகர்கிறது. மறுபுறத்தில் ஆவியாக வெளிப்படுகிறது. ஆகவே எந்தப் பொருளில் நீர் எளிதில் கரைகிறதோ அந்தப் பொருளால் நீரைத் தடுக்க இயலாது. ஜெலட்டின் நீரை விரும்பும் பொருள். எண்ணெயை அது நன்றாகத் தடுக்கும். உலர்ந்த நிலையில் ஆக்சிஜனையும் ஓரளவு நன்றாகத் தடுக்கும். மீனெண்ணெய்க்கு அது நல்ல வீடு. நீராவிக்கு அது கதவில்லாத வாசல். உறையின்மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. அது கசப்பை மறைக்கிறது. அளவைத் துல்லியமாக வைக்கிறது. வயிற்றில் சில நிமிடங்களில் கரைந்து பொருளை விடுகிறது. அந்தப் பணிக்காகத்தான் அதைப் படைத்தார்கள். செய்யாத பணிக்கும் அதற்குப் புகழ் சேர்ப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

இனி, உள்ளே இருக்கும் பொருள்கள். எல்லாப் பொருளும் எல்லா ஈரத்திலும் கசிவதில்லை. ஈரம் உறிஞ்சிக் கரையும் ஒவ்வொரு படிகத்துக்கும் ஒரு வாசல் ஈரப்பதம் உண்டு. காற்றின் ஈரப்பதம் அதற்குக் கீழே இருக்கும்வரை படிகம் உலர்ந்து கிடக்கும். அதைத் தாண்டினால் படிகம் காற்றிலிருந்தே நீரை எடுத்துத் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். தூய சோற்றுப்புக்கு அந்த வாசல் 75 சதவீதம். சர்க்கரைக்கு 85. மெக்னீசியம் குளோரைடுக்கு வெறும் 33. உப்பு ஜாடியில் நீர் கோப்பதற்கு இந்த மெக்னீசியம் அழுக்கே பெரும்பாலும் காரணம்.

சுவையான செய்தி இனிமேல்தான். உப்பையும் சர்க்கரையையும் கலந்து வைத்தால் வாசல் 75-க்கும் 85-க்கும் நடுவே எங்கோ இருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படியில்லை, 65-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. உப்பு கரைந்த நீரில் சர்க்கரையும் கரைவதால் அந்தக் கரைசலின் ஆவியழுத்தம் இன்னும் தாழ்கிறது. தாழ்ந்த ஆவியழுத்தம் காற்றிலிருந்து மேலும் நீரை வாங்குகிறது. ஈரப்பதம் 70 இருக்கும் ஒரு நாளில் மூன்று கிண்ணங்களில் உப்பு, சர்க்கரை, இரண்டும் கலந்த தூள் என்று வைத்துப் பாருங்கள். தூய பொருளாக இருந்தால் முதல் இரண்டும் உலர்ந்திருக்கும்; மூன்றாவது நனைந்துவிடும். மாணவர்களுக்கு இதைக் காட்டினால், கிண்ணத்தில் யார் தண்ணீர் தெளித்தது என்று கேட்கிறார்கள்.

இப்போது அம்மாவின் புட்டிக்கு வாருங்கள். லேபிளில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பத்துப் பொருளைவிட இருபது பொருள் சிறந்தது என்பது வாங்குபவர் கணக்கு. இயற்பியலின் கணக்கோ, ஒவ்வொரு புதுப் பொருளும் அந்த வாசலைக் கீழே தள்ளுவதற்கே வாய்ப்பு என்று சொல்கிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லிசா மாயர் என்பவரும் அவரோடு பணிபுரிந்தோரும் வைட்டமின் சி தூள்களை வெவ்வேறு ஈரப்பதங்களில் வைத்துச் சோதித்து, 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். தூள் கசியத் தொடங்கியதும் சத்து அழியும் வேகம் கூடிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். காரணம் கடினமானதல்ல. உலர்ந்த தூளில் மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு மெல்லிய நீர்ப்படலம் கிடைத்துவிட்டால் அவை நடமாடவும் மோதவும் தொடங்குகின்றன. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைவதை இரும்பும் செம்பும் விரைவுபடுத்துகின்றன என்பது வேதியியல் மாணவர் எவருக்கும் தெரியும். அந்த இரும்பையும் செம்பையும் வைட்டமின் சி-யோடு ஒரே உறைக்குள் இட்டுவிட்டு, வெளியே ஓர் உறை போட்டதால் பாதுகாப்பு என்கிறார்கள். பகையாளிகளை ஓர் அறைக்குள் அடைத்து, திருடன் வராமல் வெளியே பூட்டிய கதையாகத்தான் இருக்கிறது இது.

புட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவுமே என்பீர்கள். உதவும். ஒரு கிராம் ஜெல் தன் எடையில் நாலில் ஒரு பங்கு நீரை எடுத்துக்கொள்ளக்கூடும். நாம் மேலே கணக்கிட்ட மூன்று சொட்டை அது சமாளித்துவிடும். பதினேழு சொட்டையும் அது எடுக்க முயன்றால்தான் தொல்லை: உறை காய்ந்து நொறுங்கும். எவ்வளவு ஜெல் என்பதை உறை, தூள், புட்டிச் சுவர் மூன்றையும் வைத்துக் கணக்கிட வேண்டும். கைக்கு வந்த பொட்டலத்தைப் போடுவது விஞ்ஞானமாகாது. புட்டியைவிட, ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி அலுமினியத் தாள் அறையில் இருக்கும் அட்டையே நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றது. ஒன்றைக் கிழித்தால் மற்றவை மூடியே இருக்கும். ஒருபுறம் தாளும் மறுபுறம் கண்ணாடி போன்ற பி.வி.சி.யும் உள்ள அட்டை அத்தனை உறுதியானதல்ல, அந்தப் பி.வி.சி. வழியே நீராவி நுழையும். மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அதன் சிறப்பு.

காலாவதி நாள் என்று அச்சிடுகிறார்களே, அது எந்தக் காற்றில் சோதித்த நாள் என்று கேட்டதுண்டா? மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகளுக்கென நீண்டகாலச் சோதனையை 25 டிகிரியிலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் செய்வது வழக்கம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கென வகுத்த நிலை 30 டிகிரி, 75 சதவீதம். ஐந்து டிகிரியும் பதினைந்து சதவீதமும் பெரிய வேறுபாடாகத் தோன்றாது. ஆனால் படலத்தைத் தாண்டி நீரைத் தள்ளுவது ஆவியின் அழுத்தமே. முதல் காற்றில் அது பாதரசத்தில் 14 மில்லி மீட்டர்; இரண்டாவதில் 24 மில்லி மீட்டர். ஒன்றரை மடங்குக்கு மேல்! வெப்பநிலை கூடினால் படலமும் எளிதில் வழிவிடும் என்பதை இதில் சேர்க்கவேயில்லை. ஆக, குளிர்நாட்டுக் கணக்கில் எழுதிய இரண்டு ஆண்டு நாகப்பட்டினத்தில் இரண்டு ஆண்டாக இராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் பெரிய பெரிய புட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, உறையிடுதல் பயனற்ற வேலை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பெரிய உறைக்குள் தூளைக் கொட்டாமல், ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியே மேலாடை பூட்டுவது என்று ஒரு முறை உண்டு. நுண்ணுறையிடல் என்று அதை அழைக்கலாம். அதற்கு நம் சமையலறையிலேயே நல்ல சான்று இருக்கிறது: இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு.

இரத்தசோகைக்கு இரும்பு, முன்கழுத்துக் கழலைக்கு அயோடின். இரண்டையும் உப்பில் சேர்த்தால் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும் என்பது எளிய எண்ணம். செய்து பார்த்தபோது எளிதாக இல்லை. உப்பில் அயோடின், பொட்டாசியம் அயோடேட் என்ற வடிவில் இருக்கிறது. ஃபெரஸ் நிலையில் உள்ள இரும்பு அதன் பக்கத்தில் வந்தால், அயோடேட் சிதைந்து தனி அயோடின் ஆவியாகப் பறந்துவிடும். இரும்போ ஃபெரிக் நிலைக்கு மாறி உப்பைப் பழுப்பாக்கும், உடலும் அதைக் குறைவாகவே ஏற்கும். இரண்டு சத்தும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அவை சந்திக்கும் இடம் உப்பு மணியின்மேல் படியும் நீர்ப்படலம்தான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் ஃபெரஸ் சல்பேட்டோடு சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்ற பொருளைச் சேர்த்து, இரும்பை ரசாயன முறையில் பிடித்து வைக்கும் வழியைக் கண்டது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் லெவென்டே டியோசாடியும் அவர் குழுவினரும் உறைவழியை எடுத்தார்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் தூளைச் சிறு மணிகளாகத் திரட்டி, அதன்மேல் சோயா எண்ணெயிலிருந்து கெட்டியாக்கிய கொழுப்பைப் பூசினார்கள். கொழுப்பில் நீர் கரையாது. ஆகவே இது உண்மையான தடுப்பு. தமிழ்நாடு உப்புக் கழகம் இந்த முறையில் இரும்பு சேர்த்த உப்பைச் செய்து சத்துணவுக் கூடங்களுக்கு அளித்தது; 2014-இல் வந்த அம்மா உப்பு வகைகளில் ஒன்றும் இரும்பும் அயோடினும் சேர்ந்ததே. ஒரு கிலோ உப்பில் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு.

இதில் ஏன் திரட்டி மணியாக்க வேண்டும், தூளின்மேலேயே பூசினால் என்ன? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ பொருளைப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகள்களாகப் பொடித்தால் மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். பூசக் கையிலுள்ள கொழுப்பு அதே அளவுதான் என்றால் பூச்சின் கனம் பத்தில் ஒன்றாகும். நீர் புகும் வேகம் பரப்புக்கு நேர்விகிதம், கனத்துக்கு எதிர்விகிதம்; ஆகவே நூறு மடங்கு வேகமாகப் புகும். இன்னொரு காரணமும் உண்டு. மூட்டையைக் குலுக்கினால் அளவில் மாறுபட்ட துகள்கள் பிரிந்துவிடும். பொரியும் கடலையும் கலந்த டப்பாவில் கடலை அடியில் தங்குவது போல. இரும்பு மணி உப்பு மணியின் அளவிலேயே இருந்தால்தான் முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் ஒரே அளவு இரும்பு கிடைக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். மருந்துக் கடைப் புட்டியில் காணாத சிந்தனை, மலிவான உப்பில் இருக்கிறது.

குறையில்லாமல் இல்லை. பூச்சைக் கனமாக்கினால் நீர் புகாது. ஆனால் குடலில் இரும்பு வெளிவருவதும் குறையும். மெல்லியதாக்கினால் மூட்டை தூக்கி இறக்குவதிலேயே விரிசல் விடும். ஃபியூமரேட் செம்பழுப்பு நிறமுடையது. விரிசல் விட்ட மணி வெள்ளை உப்பில் கரும்புள்ளியாகத் தெரியும். அதைக் கண்டு அழுக்கு என்று பொறுக்கி எறியும் வீடுகள் உண்டு. எறிந்தது எது தெரியுமா? இரும்பைத்தான்! நிறத்தை மறைக்கப் பூச்சில் டைட்டேனியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அந்த நிறமியை உணவிலிருந்து விலக்கிவிட்டது. பிள்ளைகள் தினமும் உண்ணும் பொருளில், நிறத்துக்காக மட்டும் ஒன்றைச் சேர்ப்பதா என்று நானும் தயங்குகிறேன். கரும்புள்ளி ஏன் இருக்கிறது என்று பொட்டலத்தின்மேல் தமிழில் நான்கு வரி எழுதுவது அதைவிட மலிவு. மேலும், ஆலையில் சோதித்தால் போதாது. பொட்டலத்தைப் பிரித்து, ஈரக்கை படும் ஜாடியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்து, பிறகு அயோடினும் இரும்பும் எவ்வளவு மிஞ்சின என்று பார்க்க வேண்டும். கடைக்கு வரும்போது 15 பி.பி.எம். அயோடினாவது இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. ஜாடியில் என்ன ஆகிறது என்பதற்கு விதியில்லை.

புட்டிகளிடம் நான் கேட்பதும் இதுபோன்ற சிறிய செய்திகளைத்தான். உறை எதனால் ஆனது? எந்த ஈரப்பதத்தில் சோதித்தீர்கள்? திறந்தபின் எத்தனை நாள்? முட்டைக்கோசுக்கும் மாவுக்கும் பொருந்துகிற "உலர்ந்த இடம்" என்ற வாசகத்துக்குப் பதிலாக இந்த மூன்று விடைகளை அச்சிட லேபிளில் இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். துள்ளி ஓடும் குடும்பத்தின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் போதும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் சூடாக்கி உலர்த்திய சிலிக்கா ஜெல். மற்றொன்றின் அடியில் உப்பு கரையாமல் தங்கும் அளவுக்குச் செறிந்த உப்புக் கரைசல். அந்தக் கரைசலின்மேல் காற்று எப்போதும் 75 சதவீத ஈரத்திலேயே நிற்கும். இரண்டிலும் வெறும் ஜெலட்டின் உறைகளைத் தட்டில் வைத்து மூடி, சில நாள் கழித்து மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். முதல் ஜாடியின் உறை விரலிடையே நொறுங்கும். இரண்டாவது குழைந்து விரலில் ஒட்டும். நீங்களும் வீட்டில் செய்யலாம். ஊறுகாய் ஜாடி போதும்.

அம்மா இப்போது மருத்துவரிடம் கேட்டு, அலுமினியத் தாள் அட்டையில் வரும் ஒரே ஒரு மாத்திரையை வாங்குகிறார். பழைய புட்டியைக் கழுவிக் காயவைத்துக் கடுகு போட்டு வைத்திருக்கிறார். கடுகு நன்றாகவே இருக்கிறது.